ஒட்டுவது உழைக்குமா? கோல்கீப்பர் கையுறை குறித்த நெடுநாள் வாதம்

கால்பந்து விதிகளின் நான்காம் பிரிவு ஆட்டக்காரர் கட்டாயம் அணிய வேண்டியவற்றைச் சொல்கிறது: கைவைத்த சட்டை, அரைக்கால் சட்டை, காலுறை, ஷின் கார்டு, காலணி. கோல்கீப்பருக்குக் கூடுதலாக ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் அவர் உடுப்பின் நிறம் வேறுபட வேண்டும். கையுறை அந்தப் பட்டியலில் இல்லை. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒருவர் வெறுங்கையோடு வந்து நின்றாலும் விதி அவரைத் தடுக்காது. ஆனால் இன்று பள்ளி அணியில்கூடக் கையுறை இல்லாத கோல்கீப்பரைப் பார்ப்பது அரிது.

விதி கேட்காத ஒன்று ஏறக்குறையக் கட்டாயமாகிவிட்டது என்றால் அது எதற்காக என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்க வேண்டும். அப்படி இல்லை. பந்தைப் பிடிக்க என்கிறது ஒரு தரப்பு. விரலைக் காக்க என்கிறது இன்னொன்று. குளிரும் ஈரமும் உள்ள நாட்டில் பிறந்த பழக்கம், அவ்வளவுதான் என்று ஒதுக்குவோரும் உண்டு. எதை வாங்குவது, எப்படித் துவைப்பது, எப்போது தூக்கிப் போடுவது என்ற அன்றாடக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று மோதுவதற்கு, முன்கேள்வியான இந்த ‘எதற்கு’ தீராமல் இருப்பதே பெரும்பாலும் காரணம்.

வெறுங்கைக் கட்சி

கோல்கீப்பர் என்ற சொல் ஆங்கிலேயக் கால்பந்துச் சங்க விதிகளுக்குள் 1871இல்தான் வந்தது. 1912 வரை அவர் தன் பாதி ஆடுகளத்தில் எங்கு வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். அதன் பிறகே பெனால்ட்டி பகுதிக்குள் அடைக்கப்பட்டார். அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது. தொடக்க எடையைத்தான் விதி கட்டுப்படுத்தியது. மழையில் நீரைக் குடித்து ஆட்டத்தின் நடுவே அது எவ்வளவு கனத்தாலும் விதிக்குக் கவலையில்லை. அப்படிப்பட்ட பந்தைத்தான் கோல்கீப்பர்கள் பல பத்தாண்டுகள் வெறுங்கையால் பிடித்தார்கள்.

கையுறை என்ற யோசனை அப்போது இல்லாமல் இல்லை. யார்க்ஷயரில் பந்து தயாரித்துவந்த வில்லியம் சைக்ஸ் ரப்பர் பதித்த தோல் கையுறைக்கு 1885இல் காப்புரிமை பெற்றதாகக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் பொருள் கிடைத்ததும் பழக்கம் பிறந்துவிடவில்லை. அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணிக்கு 1945 முதல் 1968 வரை ஆடிய அமாதியோ காரிசோவைத்தான் தென் அமெரிக்காவில் கையுறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகப் பெரும்பாலும் சொல்கிறார்கள். சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷினைச் சில படங்களில் கையுறையோடும் சிலவற்றில் வெறுங்கையோடும் காணலாம். 1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் கார்டன் பேங்க்ஸ் வேறொரு வழி வைத்திருந்தார்: சூயிங் கம் மென்று, அந்தப் பிசுபிசுத்த எச்சிலை உள்ளங்கையில் தடவிக்கொள்வார்.

வெறுங்கைக் கட்சியின் வாதம் எளிது. பந்தை முதலில் உணர்வது விரல்நுனித் தோல். அதற்கும் பந்துக்கும் நடுவில் எதை வைத்தாலும் உணர்வு மங்கும். இதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2004 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. லிஸ்பனில் இங்கிலாந்துக்கு எதிரான பெனால்ட்டி மோதலில் போர்ச்சுகல் கோல்கீப்பர் ரிக்கார்டோ கையுறைகளைக் கழற்றி எறிந்தார், டேரியஸ் வாசல் அடித்த பந்தை வெறுங்கையால் தடுத்தார், பிறகு தானே வெற்றிக்கான பெனால்ட்டியை அடித்தார்.

காட்சியாக அது மறக்க முடியாதது; சான்றாக வலுவற்றது. பெனால்ட்டியில் கோல்கீப்பர் பந்தைப் பிடிப்பதில்லை, தட்டிவிடுகிறார். பிடிப்புக்கு வேலையே இல்லாத ஒரு செயலை வைத்துப் பிடிப்பைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. அடிப்பவரின் மனத்தைக் கலைப்பதற்கு அந்தச் செய்கை உதவியிருக்கலாம். பேங்க்ஸின் சூயிங் கம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது: வெறுங்கையின் உச்சத்தில் இருந்த ஒருவரே வெறுந்தோல் போதாது என்று ஒட்டும் பொருளைத் தேடியிருக்கிறார்.

துணியிலிருந்து நுரைக்கு

தொடக்கக் காலக் கையுறைகள் கம்பளியாலோ பருத்தியாலோ தோலாலோ ஆனவை. மழை நாளில் மட்டும் எடுக்கப்படுபவை. நனைந்த தோல் பந்தைச் சொரசொரப்பான துணி ஓரளவு பற்றும், காய்ந்த பந்தில் அதனால் பயனில்லை. அடுத்து உள்ளங்கையில் புள்ளி புள்ளியாக ரப்பர் ஒட்டிய வகை வந்தது. மேசைப்பந்து மட்டையின் ரப்பர் போன்ற அந்தப் பரப்பு நெடுநாள் உழைத்தது, பிடிப்பு சுமார்தான்.

திருப்பம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. மெட்ஸிங்கன் நகரத்தில் 1934இல் தொடங்கப்பட்டுக் குளிர்காலக் கையுறைகள் தைத்துவந்த ரோய்ஷ் நிறுவனம், 1970களின் தொடக்கத்தில் பேயர்ன் மியூனிக் கோல்கீப்பர் செப் மையருடன் சேர்ந்து கோல்கீப்பருக்கென்றே கையுறை செய்ய முனைந்தது. 1974 உலகக் கோப்பையை மேற்கு ஜெர்மனி வென்றபோது மையரின் பெரிய கையுறைகள் உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் தெரிந்தன. அதன் பிறகு கையுறை என்பது குளிருக்கான உடுப்பாக இல்லாமல் தொழிற்கருவி ஆயிற்று. பாலிங்கன் நகரின் ஊல்ஸ்போர்ட் நிறுவனமும் போட்டியில் இறங்க, உள்ளங்கைக்கு எந்தப் பொருள் என்ற தேடல் லேடெக்ஸ் நுரையில் போய் நின்றது.

அந்த நுரை புதிதல்ல. ரப்பர் பாலைச் சோப்புப் பொருளோடு அடித்து நுரையாக்கி, அப்படியே இறுக வைத்து வேகவைக்கும் முறையை 1929இல் பர்மிங்ஹாம் டன்லப் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மெத்தைக்கும் இருக்கைக்கும் போன பொருள் அது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியுமுன் சீவப்படும் மரத்தின் பாலுக்கும் ஐரோப்பிய கோல்கீப்பரின் உள்ளங்கைக்கும் அடிப்படையில் ஒரே வேதியியல்தான். இன்றைய கையுறை நுரையில் இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பரும் கலந்திருக்கும். எந்த விகிதம் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் தொழில் ரகசியம்.

இதே காலத்தில் பந்தும் மாறியது. 1986 மெக்சிகோ உலகக் கோப்பையின் அஸ்டெகா முழுக்கச் செயற்கைப் பொருளால் ஆன முதல் உலகக் கோப்பைப் பந்து. 2006 உலகக் கோப்பைக்குத் தையலுக்குப் பதில் வெப்பத்தால் ஒட்டிய பந்து வந்தது. 2010இன் ஜபுலானியைக் கடையில் வாங்கும் மலிவுப் பந்தோடு ஒப்பிட்டுப் பிரேசிலின் ஜூலியோ சீசர் குறைப்பட்டுக்கொண்டார். தோல் பந்தைப் பிடித்த கையுறை வேறு, வழவழப்பான பாலியூரித்தேன் பந்தைப் பிடிக்கும் கையுறை வேறு. “அந்தக் காலத்தில் எங்களுக்கு இதெல்லாம் ஏது” என்ற வாதம் பந்து மாறியதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஒரே குணம், இரண்டு பெயர்

கையுறை விற்பவர் இரண்டு வாக்குறுதி தருவார்: நன்றாக ஒட்டும், நன்றாக உழைக்கும். ஒரே கையுறையில் இரண்டும் உச்சத்தில் இருக்க இயலாது என்பதற்குப் பொருளின் இயல்பே காரணம்.

கெட்டியான பொருள்கள் உரசும்போது, அழுத்தம் இரட்டித்தால் உராய்வும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். ரப்பர் இதற்கு முழுதாகக் கட்டுப்படாது. மென்மையான ரப்பர், பந்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் படிகிறது. உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு அதிகமாகிறது. அந்தப் பரப்பில்தான் ஒட்டுதல் நடக்கிறது. இதோடு, வளைந்து நிமிரும்போது ரப்பர் ஆற்றலை விழுங்குவதும் வழுக்கலைத் தடுக்கிறது. ஆகவே நுரை எவ்வளவு மென்மையோ அவ்வளவு பிடிப்பு. ஆனால் அதே மென்மைதான் கிழிசலுக்கும் தேய்மானத்துக்கும் வழி. நல்ல பென்சில் அழிப்பான் தானும் கரைந்துகொண்டேதான் அழிக்கிறது. கரையாத அழிப்பான் தாளில் கறுப்பைத்தான் தடவும். போட்டித் தரக் கையுறையின் உள்ளங்கையும் அப்படிச் செலவாகும் பொருள்.

இங்கே மூன்று நிலைப்பாடுகள் தெரிகின்றன. பிடிப்பே எல்லாம், கையுறை செலவுப் பொருள் என்பது தொழில்முறை ஆட்டக்காரரின் நிலை. அவருக்குக் கையுறையை நிறுவனமே தருகிறது. நாலைந்து ஆட்டங்களில் உள்ளங்கை உரிந்தாலும் பையில் அடுத்த ஜோடி காத்திருக்கும். இரண்டாவது, பயிற்சியாளர்களும் பெற்றோரும் விரும்பும் நிலை: கற்கும் வயதில் உழைப்பதே முக்கியம், கெட்டி நுரை போதும். மூன்றாவது, நடுவழி. ஆட்டத்துக்கு ஒரு ஜோடி, பயிற்சிக்கு ஒரு ஜோடி; ஆட்டத்துக்கானது தேய்ந்ததும் பயிற்சிக்கு இறக்கிவிடலாம்.

நடுவழிதான் அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு. வாரம் முழுவதும் வழுக்கும் கையுறையில் பழகிய கை, ஞாயிற்றுக்கிழமை திடீரென்று ஒட்டும் கையுறைக்குள் நுழைகிறது. பிடிக்கலாமா தட்டிவிடலாமா என்ற முடிவைக் கோல்கீப்பர் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுக்கிறார், அந்த முடிவு பழக்கத்தில் ஊறியது. பழகும் கருவியும் ஆடும் கருவியும் வெகுவாக வேறுபட்டால் முடிவும் தடுமாறலாம் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மறுபக்கம், வழுக்கும் கையுறையில் பழகினால் கைவைக்கும் முறை திருந்தும் என்று சொல்லும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எது சரி என்பது ஆட்டக்காரரின் வயதையும் தேர்ச்சியையும் பொறுத்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதலில் தரையைப் பார்

வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த நிறுவனம் என்பதாக இருக்கக் கூடாது, எந்தத் தரை என்பதாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. கையுறை பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டவை. அவற்றின் பின்னணியில் ஈரமான புல்தரை இருக்கிறது, மிதமான வெயில் இருக்கிறது, மழைக்கென்றே தனி நுரைவகை இருக்கிறது. அந்த அறிவுரையை அப்படியே தூக்கிவந்து செம்மண் மைதானத்தில் நடும்போதுதான் “ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது ஒரு மாதம்கூட வரவில்லை” என்ற புலம்பல் பிறக்கிறது.

தமிழ்நாட்டின் பெரும்பாலான பள்ளி, கல்லூரி மைதானங்கள் மண்தரை. வறண்ட மண்ணில் இருக்கும் மணல் துகள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து உள்ளங்கையை ஊன்றி எழும் ஒவ்வொரு முறையும் நுரையின் மேல்தோல் கொஞ்சம் போகிறது. போவதோடு நிற்பதில்லை. நுரையின் துளைகளில் புழுதி ஏறிக்கொள்கிறது. புழுதி படிந்த ரப்பர் பந்தைத் தொடுவதே இல்லை, புழுதிதான் பந்தைத் தொடுகிறது. விலை உயர்ந்த மென்னுரை இத்தகைய தரையில் சில நிமிடங்களிலேயே மலிவுக் கையுறையின் நிலைக்கு இறங்கிவிடக்கூடும். ஆக, மண்தரையில் கெட்டி நுரையைத் தேர்வது சிக்கனம் மட்டுமல்ல, ஆட்டம் முழுவதும் ஒரே சீரான பிடிப்பு வேண்டும் என்பவருக்கும் அதுவே பொருத்தம்.

சென்னையிலும் பிற நகரங்களிலும் பெருகிவிட்ட வாடகை டர்ஃப்கள் தனி ரகம். செயற்கைப் புல்லின் இழை கண்ணுக்கு மென்மையாகத் தெரிந்தாலும் சறுக்கும்போது அராவும். இழைகளுக்கிடையே மணலோ ரப்பர்த் தூளோ நிரப்பியிருப்பார்கள். தவிர, ஐவர் ஆட்டத்தில் அடிகள் பக்கத்திலிருந்து வருகின்றன. பிடிப்பதைவிடத் தடுப்பது அதிகம். இதற்கும் மென்னுரை வீண்செலவு.

வாங்கும் இடத்தில் நுரையின் தடிமனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பொதுவாக 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும், அடியில் இன்னொரு மெத்தைப் படலம் இருக்கும். தடிமன் கூடினால் அடி தாங்கும், தேய்வதற்கு இருப்பும் கூடும், விரலுணர்வு குறையும். ஆனால் தடிமன் பிடிப்பைச் சொல்லாது. பிடிப்பு மேற்பரப்பின் மென்மையில் இருக்கிறது, அதை அட்டையில் அச்சிட்ட எண்ணால் அறிய வழியில்லை.

பெயர்ப்பலகை பற்றியும் ஒரு வார்த்தை. உலகப் புகழ்பெற்ற பல பெயர்களின் கையுறைகள் பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுகின்றன. 1947 பிரிவினையில் அந்த நகரத்திலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் கைவினைஞர்கள்தான் ஜலந்தரின் தொழிலை வளர்த்தார்கள். நம் கடைகளில் கிடைக்கும் நிவியா அந்த ஜலந்தரின் பெயர். தையல் மரபு எல்லையின் இரு பக்கமும் ஒன்றே. விலை வேறுபாட்டின் பெரும்பகுதி எங்கே தைத்தார்கள் என்பதில் இல்லை, எந்த நுரையை வைத்துத் தைத்தார்கள் என்பதிலும் யாருக்கு விளம்பரப் பணம் போனது என்பதிலும் இருக்கிறது.

வெட்டும் அளவும்

தையல் வெட்டுகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் பேசும் அளவுக்கு அதில் சரக்கு இருக்கிறதா என்பது ஐயம். தட்டை வெட்டில் விரலின் முன்னும் பின்னும் இரண்டு துண்டுகளை வெளித்தையலால் சேர்ப்பார்கள். உள்ளே இடம் தாராளம். சுருள் வெட்டில் நுரையே விரலைச் சுற்றி வளைந்து வரும்; பந்தைத் தொடும் பரப்பு கூடும். ஸ்காட்லாந்து கோல்கீப்பர் பிரையன் கன் பெயரால் இதைக் கன் வெட்டு என்பதும் உண்டு. உள்தையல் வெட்டு விரலை இறுக்கிப் பிடிக்கும். கை சிறுத்தவருக்கு ஏற்றது. இவற்றைக் கலந்து தைப்பவை இப்போது அதிகம். ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல வலுவான காரணம் தெரியவில்லை. கை சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.

அளவில் அப்படி விட்டுவிட முடியாது. கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகன்ற பகுதியைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அதோடு ஒன்று கூட்டி அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுவது வழக்கமான கணக்கு. ஏழரை அங்குலம் என்றால் ஒன்பதாம் எண். விரல் நீளத்தை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை என்பது இதன் ஓட்டை. நீண்ட விரலும் ஒடுங்கிய கையும் உள்ளவர் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நுனியில் சிறிது இடம் இருந்தால் தையல் சீக்கிரம் பிரியாது. “வளரும் பிள்ளை, ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கிக்கொள்வோம்” என்ற பெற்றோரின் சிக்கனம் பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. கைக்குள் சுழலும் கையுறையில் நுரை பந்தைப் பிடித்தாலும் கை நுரையைப் பிடிக்காது.

விரல் தாங்கி: காப்பா, ஊன்றுகோலா

விரலின் பின்புறத்தில் வளையும் பட்டைகளைச் செருகி, விரல் முன்பக்கம் மடங்கலாம், பின்பக்கம் வளையக் கூடாது என்று செய்யும் ஏற்பாடு 1990களிலிருந்து பரவியது. ஐரோப்பாவில் பாதுகாப்பு உண்டு என்று உரிமை கோரும் கோல்கீப்பர் கையுறைகளுக்கென்றே ஈஎன் 16027 என்ற தரநிலை 2011இல் வந்தது. தாங்கியை ஆதரிப்போர், பக்கத்திலிருந்து வரும் வேகமான அடியில் விரல் பின்னோக்கி மடங்குவதைக் காட்டுகிறார்கள். அது உண்மையான ஆபத்து; ஏற்கெனவே அப்படிக் காயம்பட்டுத் திரும்பும் ஆட்டக்காரருக்குத் தாங்கி தைரியமும் தருகிறது.

எதிர்ப்போர் இரண்டு வகை. தாங்கிக்குப் பழகிய விரல் வலுவிழக்கும் என்பது முதல் வாதம். பல பயிற்சியாளர்கள் உறுதியாக நம்புகிறார்கள்; ஆனால் அது நம்பிக்கையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறதே தவிர, வாரத்தில் சில மணி நேரம் அணியும் ஒரு பட்டை எந்தத் தசையை எப்படி மெலிவிக்கும் என்ற விளக்கம் தெளிவாக முன்வைக்கப்படுவதில்லை. இரண்டாவது வாதம் வலுவானது: பட்டை விரலை முழுமையாகக் குவியவிடாமல் செய்கிறது, உயரப் பந்தைப் பிடிக்கும்போது கை பந்தின் வடிவத்துக்கு வளைய வேண்டும், வளையாத கை பந்தை நழுவவிடும்.

இரு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. கோல்கீப்பருக்கு வரும் விரல் காயங்கள் எல்லாம் பின்னோக்கி மடங்குவதால் வருபவை அல்ல. நீட்டிய விரலின் நுனியில் பந்து நேராக வந்து மோதினால் நுனிக் கணு சட்டென்று முன்னோக்கி மடங்கி, விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுபடலாம், நுனி தொங்கிப்போகும். தாங்கியின் வடிவமே முன்னோக்கி மடங்க இடம் தருவதுதான் என்பதால் இந்தக் காயத்துக்கு அது தடையாகும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. பக்கவாட்டில் முறுகும் கட்டைவிரலுக்கும் அதே நிலை. தாங்கி உள்ள கையுறையை வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனி விரலுக்கு ஆபத்தில்லை என்று ஒரு தாயோ தந்தையோ நிம்மதி அடைந்தால் அது பாதி நிம்மதிதான்.

சிறுவர்கள் விஷயத்தில் கேள்வியே இடம் மாறுகிறது. 2001இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு, பந்தைத் தடுக்கும்போது மணிக்கட்டருகே எலும்பு முறிந்த இளம் கோல்கீப்பர்களைப் பார்த்துவிட்டு, வயதுக்கேற்ற சிறிய பந்தைப் பயன்படுத்த வேண்டும் என்று வாதிட்டது. பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தைப் பத்து வயதுப் பிள்ளையை நோக்கி அடித்துவிட்டு எந்தக் கையுறை நல்லது என்று விவாதிப்பதில் பொருள் குறைவு. நான்காம் எண் பந்தின் விலை, நல்ல கையுறையின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு.

பேணுதல்: தேய்வும் மூப்பும்

கையுறை இரண்டு விதமாக அழிகிறது. தரையிலும் பந்திலும் உரசித் தேய்கிறது. காற்றாலும் ஒளியாலும் வியர்வையாலும் மூப்படைகிறது. கழுவுவது, உலர்த்துவது, பையில் வைப்பது எல்லாம் மூப்பைத்தான் தள்ளிப்போடும். தேய்வை அவை தொடுவதில்லை. முறையாகக் கழுவியும் கிழிந்துவிட்டதே என்று ஏமாறுவோரும், எப்படியும் கிழியப்போகிறது, எதற்குக் கழுவ வேண்டும் என்று விட்டுவிடுவோரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தேய்வைக் குறைக்க வழி ஆட்ட முறையில் இருக்கிறது. விழுந்தால் உள்ளங்கையை ஊன்றி எழாமல் முழங்காலாலும் முஷ்டியாலும் எழுவது, இடைவேளையில் கையுறையோடு மண்ணைத் தொடாமல் இருப்பது, கோல் கம்பியைப் பிடித்துத் தொங்காமல் இருப்பது. சின்னப் பழக்கங்கள்தான், ஆனால் எந்தச் சலவைத் திரவமும் செய்யாததைச் செய்பவை.

மூப்பின் வேதியியல் நன்றாக அறியப்பட்டது. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. ஆக்ஸிஜனும் ஓசோனும் அவற்றைத் தாக்குகின்றன, புற ஊதா ஒளியும் வெப்பமும் அந்தத் தாக்குதலை விரைவுபடுத்துகின்றன. விளைவு: பரப்பு முதலில் பளபளத்து விறைக்கும், பிறகு வெடிக்கும், கடைசியில் தூளாக உதிரும். மாடியில் துணிக்கொடியில் சித்திரை வெயிலில் காயப்போட்ட கையுறை ஆடாமலேயே வயதாகிறது. பூட்டிய காருக்குள் விட்டுச்சென்ற கையுறையும் அப்படித்தான். நிழலில், காற்றோட்டத்தில், உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட வேண்டும் என்ற அறிவுரையை எல்லாத் தரப்பும் ஏற்கிறது. இரண்டு நுரைப் பரப்புகள் ஒட்டி உலர்ந்தால் பிரிக்கும்போது ஒன்றின் தோல் மற்றதோடு போய்விடும்.

எண்ணெய் பற்றி ஐரோப்பிய அறிவுரைகள் அதிகம் சொல்வதில்லை. நமக்குச் சொல்ல வேண்டும். ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதி வலுவிழக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய தலைமுடியைக் கையுறையால் ஒதுக்குவதும், வலிநிவாரணத் தைலம் தேய்த்த கையோடு கையுறைக்குள் நுழைவதும் மண்தரை செய்யாத கெடுதலைச் செய்யக்கூடும்.

புதுக் கையுறையை முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒருமுறை அலசலாமா என்பதில் பெரும்பான்மைக் கருத்து அலசலாம் என்பதே. தயாரிப்பில் தங்கிய பொருள்கள் நீங்கினால் நுரை விழித்துக்கொள்கிறது. ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையைச் சற்று நனைப்பதும் அப்படியே. ஈரம் புழுதியை அகற்றுகிறது, நுரையை இளக்குகிறது. அதிகப்படியான நீரைத் துளைகள் வாங்கிக்கொள்கின்றன. சொட்டச் சொட்ட நனைத்தால் பயன் தலைகீழாகும். ஈரப்பதமான குளிர்நாட்டில் ஒருமுறை நனைத்தால் பாதி ஆட்டம் வரை தாங்கலாம். மதுரையிலோ திருச்சியிலோ ஏப்ரல் மாத மாலையில் அவ்வளவு நேரம் நிற்காது. கோல் கம்பிக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஈரத்துண்டும் வைத்துக்கொள்வதே வழி. எச்சில் துப்பி நனைக்கும் பழைய வழக்கத்துக்கு இனி சப்பைக்கட்டு தேவையில்லை.

கழுவுவதில் இயந்திரத்தை ஏற்போர் மிகச் சிலர். வெதுவெதுப்பான நீரில், கையில் மாட்டியபடியே, மென்மையாகத் தேய்த்து அலசி, முறுக்காமல் பிழிவது நிலைபெற்ற முறை. தனிச் சலவைத் திரவம் வேண்டுமா, மிதமான சோப்பு போதுமா என்பதில் விற்பவர் கருத்து ஒன்று, வாங்குபவர் கருத்து வேறு. சாயம் வெளுக்கும் பொருளும் துணி மென்மையாக்கியும் கூடாது என்ற அளவில் ஒப்புதல் உண்டு. எத்தனை முறை என்பதில் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு கழுவ வேண்டும் என்பவர்கள் வியர்வையின் உப்பையும் கொழுப்பையும் காட்டுகிறார்கள். அடிக்கடி கழுவினால் தையலும் நுரையும் தளரும் என்பவர்கள் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்கிறார்கள். புழுதித் தரையில் முதல் கட்சிக்கும், நல்ல புல்தரையில் இரண்டாம் கட்சிக்கும் நியாயம் கூடுதல்.

கடற்கரை ஊர்களில் உலர்த்துவதே தனிப் பாடு. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தடித்த நுரை காய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். காயாமல் பையில் போட்டால் பூஞ்சணமும் நாற்றமும் உறுதி. கையுறைக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கு எதிரே தொங்கவிடுவது வெயிலுக்கும் ஹேர் டிரையருக்கும் மேலான மாற்று. காய்ந்த நுரை விறைப்பாக இருப்பது கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல, மறுபடி நனைத்தால் இளகும்.

ஒட்டும் பசைகளையும் தெளிப்பான்களையும் பற்றி: தேய்ந்த கையுறைக்குச் சில நிமிட உயிர் தருகின்றன, புழுதியை இழுத்து மறுபாதியில் அதைவிட மோசமாக்குகின்றன. மண்தரையில் இவற்றுக்கு இடமில்லை என்றே சொல்லலாம்.

இன்னும் தீராதவை

பேணும் முறையில் கருத்து வேறுபாடு ஓரங்களில்தான். தேர்வில் அப்படியல்ல. பாதுகாப்புக்கு ஒரு தரநிலை இருப்பதைப் போல, பிடிப்புக்கு வாங்குபவர் கடையில் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பொது அளவுகோல் புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் நுரைக்குத் தானே பெயர் வைத்துத் தானே தரம் சொல்கிறது. ஈரப் பந்து, காய்ந்த பந்து, புழுதி படிந்த பந்து என மூன்று நிலைகளில் அளந்து அட்டையில் அச்சிட்டால் மேலே விவரித்த சச்சரவுகளில் பாதி அடங்கும். அப்படி அளந்தால் விலை உயர்ந்த சில கையுறைகள் புழுதியில் எந்த இடத்தில் நிற்கும் என்பது தெரிந்துவிடும் என்பதால்தானோ என்னவோ, நிறுவனங்கள் அவசரப்படவில்லை.

விரல் தாங்கியின் நன்மையைத் தெளிவாக மதிப்பிட, தாங்கி உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்தால் போதாது. எந்த விரல், எந்தத் திசையில் மடங்கியது, பந்து எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்றும் பிரித்துப் பதிய வேண்டும். பள்ளி, கழக மட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர்களே காயப் பதிவேடு வைத்தால் தொடங்கக்கூடிய வேலை இது. வெப்பநாட்டு மண்தரைக்கென்று ஒரு நுரை ஏன் இல்லை என்ற கேள்வியும் பாக்கி. மழைக்குத் தனி வகை உண்டு, செயற்கைப் புல்லுக்குத் தனி வகை உண்டு. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் தென் அமெரிக்காவிலும் பெருந்தொகையான கோல்கீப்பர்கள் ஆடும் தரை எதுவோ அதற்கு மட்டும், கெட்டி நுரையோடு சமாதானம் செய்துகொள் என்ற பதிலே இன்றுவரை கிடைக்கிறது. ரப்பரின் வேதியியல் அதற்கு மேல் இடம் தராதா, அல்லது அந்தச் சந்தையில் காசு இல்லை என்று எவரும் முயலவில்லையா என்பதை, இரண்டாவதன் பக்கம் சாய்ந்தே கேட்க வேண்டியிருக்கிறது.